ஆம்புலன்ஸுக்கு முன்னால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

கோவையிலிருந்து கிளம்பும்போது என் மனைவி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "ஓடறது ஓடுங்க. வீட்டுக்கு நடந்து வந்து சேருங்க." நாற்பத்தேழு வயதில், தொண்ணூற்றொரு கிலோ எடையோடு மாரத்தான் ஓட மதுரைக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்து கிடைக்காது.

நான் பம்ப்செட் விற்கிறவன். எண்ணூறு அடி ஆழத்துத் தண்ணீரை மேலே ஏற்றுவது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்னை நானே இரண்டாவது மாடிக்கு ஏற்றிக்கொள்வதுதான் எப்போதும் பிரச்சினை.

இந்த வம்பில் என்னை மாட்டிவிட்டது என் வாய். ஜாபர் என் பாலிடெக்னிக் காலத்து அறைத்தோழன், மதுரை நெல்பேட்டைக்காரன், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். போன வருடம் அவன் தலைக்குள் ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்து, திறந்து, எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். உடம்பு தேறியது. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறும், இடது காலும் லேசாக இழுக்கும். சிரித்தால் வாயின் இடது ஓரம் கூடவே வராது. கடைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் நாலு பேர் முன்னிலையில், "என்ன பாய், காலையிலயே போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார். ஜாபர் அந்தச் சாமானை ஆயுளில் மோந்துகூடப் பார்த்ததில்லை. அன்று கல்லாவை விட்டு எழுந்து வீட்டுக்குப் போனவன்தான். எட்டு மாதமாக வாசற்படி தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக்கூடப் போகவில்லை.

அந்த நேரத்தில் வாட்ஸப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. மூளைக் கட்டி வந்தவர்களின் வைத்தியத்துக்குப் பணம் திரட்ட, ஒரு சிறிய அறக்கட்டளை மதுரையில் மாரத்தான் நடத்துகிறதாம். தெப்பக்குளத்தில் தொடங்கி அங்கேயே முடியுமாம். படித்துவிட்டு அடுத்த ஜோக்குக்குப் போயிருக்கலாம். போனை எடுத்து, "ஜாபரு, இதுல நான் ஓடறேன்டா" என்றேன்.



"மாப்ள, நீ பஸ்ஸப் பிடிக்கக்கூட ஓடி நான் பாத்ததில்ல. பஸ்ஸு நகந்தா டீ குடிக்கப் போற ஆளு நீ."

"நான் முழுசா ஓடி முடிச்சா, நீ தெப்பக்குளத்துக்கு வந்து நிப்பியா?"

"முடிச்சா வாரேன். நீ எங்கிட்டு முடிக்க."

ஆக, அவன் வருவதாக ஒப்புக்கொண்டது என் சோம்பேறித்தனத்தின் மேல் வைத்திருந்த அசைக்க முடியாத நம்பிக்கையால்தான். அதே நம்பிக்கை என் டீலர்களுக்கும் இருந்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை கேட்டபோது அள்ளி அள்ளி எழுதினார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் நான் உட்கார்ந்துவிடுவேன் என்பது அவர்கள் கணக்கு. நான்கு மாதம் எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸில் விடியற்காலை மூச்சு வாங்கியது அவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பேனாவை மூடியிருப்பார்கள்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். தை மாதம்தான். எங்கள் ஊரில் இந்நேரம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலைத் தேடுவோம். இங்கே வெயிலே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டது.

ஆட்டோவில் ஏறினால் உள்ளே ஏற்கெனவே ஒரு ஆடு உட்கார்ந்திருந்தது. "போற வழிதாண்ணே, கறிக்கடையில எறக்கிட்டுப் போயிருவோம்" என்றார் ஓட்டுநர். கோவையில் இப்படி ஒரு சகபயணி இருந்தால், "ஏனுங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கறீங்களா" என்று முன்கூட்டியே கேட்பார்கள். இங்கே ஆடுதான் எனக்காக நகர்ந்து இடம் கொடுத்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனோம். அதற்கும் தெரியாது எங்கே போகிறோம் என்று, எனக்கும் தெரியாது ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று. பாலம் தாண்டும்போதுதான் கவனித்தேன்: என் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை அது பொறுமையாக மென்று முடித்திருந்தது. ஓடத் தகுதியானவன் என்று எங்கள் குடும்ப டாக்டர் மனசாட்சிக்கு விரோதமாக எழுதிக்கொடுத்த சான்றிதழ் அது.

ஜாபர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. பச்சை வார். மேலே தூசி படிந்து வார் சாம்பல் நிறமாகியிருந்தது. மற்றவர்கள் செருப்புகள் அதைச் சுற்றி வந்து போயிருந்த தடம் தெரிந்தது. அதை மட்டும் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

அவன் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அந்த வெயிலிலும் புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. தலையிலிருக்கும் தழும்பை மனைவி நூர்ஜகானைத் தவிர யாருக்கும் காட்டியதில்லையாம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினான். "எளச்சிருக்க மாப்ள." எனக்குச் சந்தோஷம். "கழுத்துப் பக்கம்" என்று முடித்தான். மூளையைத் திறந்தவர்கள் கிண்டல் இருக்கிற ஓரத்தைத் தொடவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

*

சனிக்கிழமை காலை நாஷ்டாவுக்கு இடியாப்பமும் பாயாவும். நூர்ஜகான் மூன்றாவது தடவை வைத்தபோது, நாளைக்கு ஓட வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். அதற்காகத்தான் வைக்கிறேன் என்றார்.

ஜாபரின் மைத்துனன் மன்சூர் ஃபிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை நடத்துகிறான். ஓட்டத்துக்கு முந்தின நாள் மாவுச்சத்து நிறைய ஏற்ற வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்த அவன் அதை மதுரை முறைப்படி மொழிபெயர்த்து, மத்தியானம் என்னைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனான். எங்கள் ஊரில் இலைக்கு மேலே குனிந்து "போதுங்களா?" என்று கேட்பார்கள். நாமும் வெட்கப்பட்டு எழுந்துவிடுவோம். இங்கே கேள்வியே கிடையாது. இலையில் இடம் தெரிந்தால் அடுத்தது விழுந்துவிடுகிறது. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் மறுநாள் ஓடியிருக்க மாட்டேன்.

ஓட்டக்காரர்களுக்கு எண் அட்டை கொடுக்கும் இடத்தில் சான்றிதழ் கேட்டார்கள். ஆடு தின்றுவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். அங்கே இருந்த பெண் டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து நீண்ட நேரம் கேட்டார். வானொலியில் பிடித்த பாட்டு வருமா என்று தேடுகிற மாதிரி இருந்தது. கடைசியில், ஓடலாம், முடியாதபோது நடக்கலாம், மதியம் ஒரு மணிக்கு முடிவுக் கோட்டு வளைவைப் பிரித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கூப்பிட்டு என்னை நேரில் அறிமுகம் செய்து வைத்தார். அவர் பெயர் முத்துராசு. என்னைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது எனக்கு.

வெளியே வந்தால் மன்சூரின் ரகசியப் பரிசு காத்திருந்தது. பத்தடி ஃபிளக்ஸ். அதில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய என் முகம், அவனே மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியோடு. பின்னால் ஒரு சிறுத்தை பாய்கிறது. தலைக்கு மேலே ஆளுயர எழுத்தில் 'மூளைக் கட்டியே ஓடிப் போ! கொங்குச் சிறுத்தை வருகிறது!' முகத்துக்குக் கீழே என் பெயர். நண்பனுக்காக ஓடுகிறார் என்ற செய்தி, மன்சூரின் கடை முகவரிக்கும் கீழே, எறும்பு வரிசை மாதிரி இருந்தது. தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஒன்று கட்டிவிட்டானாம். தெப்பக்குளத்தில் இருப்பது இருபதடி.

ஜாபரின் படத்தையும் பெயரையும் ஏன் போடவில்லை என்றேன். "மச்சான் சத்தியம் வாங்கிருச்சுண்ணே. மொகம் இல்லாம பேனர் அடிக்க முடியுமா? அதான் உங்க மொகத்தப் போட்டேன்."

இந்த ஊரில் பேனரை யாரும் படிப்பதில்லை, முகத்தைப் பார்ப்பார்கள் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

*

ஞாயிறு காலை ஐந்து மணி. தெப்பக்குளத்துத் தண்ணீரில் மைய மண்டபத்தின் விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. துப்பாக்கிக்குப் பதில் ஒரு வேட்டு. எல்லோரும் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. இருநூறு மீட்டரில் என்னைச் சுற்றி யாருமில்லை. பின்னால் மட்டும் ஒரு டீசல் வண்டி முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வரும் என்பது விதி.

"மெதுவாப் போங்கண்ணே" என்றார் முத்துராசு ஜன்னல் வழியாக. "நமக்கு இன்னிக்கு வேற வேலையா இருக்கு?"

முதல் பந்தலிலேயே விஷயம் ஆரம்பித்துவிட்டது. ஒரு பெரியவர் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஓடி வந்து என் தோளில் சிவப்புத் துண்டு போர்த்தினார். எந்த விசேஷமானாலும் இங்கே மரியாதை துண்டில்தான் தொடங்குகிறது. ஆள் ஓடிக்கொண்டிருக்கிறானே என்றெல்லாம் பார்ப்பதில்லை. "தைரியமா இருங்க தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. மாரத்தான் ஓடுகிறவர்களை இந்த ஊர் எவ்வளவு நேசிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பந்தலில் ஒரு அம்மா என் உச்சந்தலையில் கைவைத்து, வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டார். மூன்றாவதில் இன்னொரு துண்டு, ஒரு டம்ளர் பானகம், கூடவே "எம்புட்டுப் பெரிய கட்டிண்ணே?" என்ற கேள்வி. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இவர்கள் எல்லோரும் கட்டி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது. அதைப் பார்த்து இன்னும் பரிதாபப்பட்டார்கள்.

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள். தெரு முழுக்க ஐந்தாறு கல்யாணக் கோஷ்டிகள், மேளம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தது. முன்னால் ஓடியவர்கள் வந்தபோது வழி இருந்திருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது தாலிகள் ஏறும் நேரம். ஒரு கூட்டத்துக்குள் அகப்பட்டு, அதன் வேகத்திலேயே மண்டபத்துக்குள் போய்விட்டேன். யாரோ சந்தனம் பூசினார்கள். கற்கண்டு கொடுத்தார்கள். தோளில் இருந்த துண்டுகளைப் பார்த்து முக்கியமான ஆள் என்று முடிவு செய்து, மேடையில் ஏற்றிப் படமும் எடுத்துவிட்டார்கள். ஊர் பேர் தெரியாத அந்தத் தம்பதியின் ஆல்பத்தில், அரைக்கால் சட்டையும் நெஞ்சில் எண்ணுமாக நான் இருக்கிறேன். நன்றாக இருக்கட்டும். கேசரி அருமை.

வெளியே முத்துராசு வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தார். "நமக்கு இல்லையாண்ணே கேசரி?"

ஊர் தாண்டி வயல்கள் வந்தபோது வெயில் முழுதாக எழுந்துவிட்டது. போன் அடித்தது. பொள்ளாச்சி டீலர். "எத்தனையாவது கிலோமீட்டருங்க?" இருபது என்றேன். கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. "உடம்பு முக்கியமுங்க தம்பி. எங்காச்சும் உக்காந்து எளநி குடிங்க." அவருக்குப் பிறகு தாராபுரம் கூப்பிட்டு அதே அக்கறையைத் தெரிவித்தார். உடுமலைக்காரர் போனையே அணைத்துவிட்டதாகப் பின்னால் தெரிந்தது.

இருபத்துநான்காவது கிலோமீட்டரில் பின்னால் உறுமல் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தால் ஆம்புலன்ஸ் நடு ரோட்டில் மூச்சடைத்து நிற்கிறது. முத்துராசு ஸ்டார்ட்டரை அழுத்துகிறார், வண்டி இருமுகிறது. ஓடிக்கொண்டே போயிருக்கலாம். நாலு மணி நேரத் தோழனை அப்படி விட மனம் வரவில்லை. மேலும், நிற்க ஒரு கௌரவமான காரணம் கிடைத்திருக்கிறது. பழைய வண்டி, டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. பம்ப்செட்காரனுக்கு இது தினப்படி வைத்தியம். திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி எல்லாம் போனதும் இறுக்கினேன். ஒரே அழுத்தில் எழுந்துகொண்டது.

"நோயாளி ஆம்புலன்ஸக் காப்பாத்துறத இன்னிக்குத்தாண்ணே பாக்குறேன்" என்றார் முத்துராசு. அவரும் பேனரைத்தான் பார்த்திருக்கிறார். நான் ஆரோக்கியமானவன் என்று விளக்கினேன். என் நடையைப் பார்த்துவிட்டு, அவர் முழுதாக நம்பவில்லை.

*

கோச்சடைப் பந்தலுக்கு நொண்டிக்கொண்டு வந்தபோது முப்பத்திரண்டு கிலோமீட்டர் முடிந்திருந்தது. தொடை இரண்டும் கருங்கல். இங்கே நின்றுவிடலாம், முப்பத்திரண்டு மோசமில்லை, ஜாபரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. "ஏறிக்கங்கண்ணே, யாரும் பாக்கல" என்று முத்துராசு கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

பந்தலின் ஓரத்தில் ஒரு டி.வி.எஸ். வண்டி. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். பெயர் செல்லத்தாயி என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் வயல் வைத்திருக்கிற குடும்பம்.

"வந்துட்டாருங்க, பாருங்க" என்று கணவரைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "நாஞ்சொன்னப்ப நம்புனீகளா? தலையில ஆபரேஷன் பண்ணுன மனுசன். இருவது மைல் ஓடியாந்து நிக்கிறாரு."

கணவர் பாண்டிக்குத் தலையில் கட்டி என்று போன மாதம் தெரிந்திருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், மண்டையைத் திறந்தால் அவ்வளவுதான் என்று மஞ்சள் பையிலிருந்த ஸ்கேனை வெளியே எடுக்கவே மறுத்துக்கொண்டிருக்கிறார். காலையில் செல்லத்தாயி பேனரைப் பார்த்திருக்கிறார். மூன்று மணி நேரமாக அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, எனக்காகக் காத்திருக்கிறார்.

பாண்டி என்னை உற்றுப் பார்த்தார். "ஒங்களுக்கு எந்தப் பக்கம் தம்பி?"

வலது பக்கம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் அடுத்து அவர் தழும்பைக் காட்டச் சொல்வார். என் வழுக்கையில் ஒரு கொசுக்கடிகூட இல்லை.

"எனக்கு இல்லீங்க" என்றேன். "என் சிநேகிதனுக்கு. பேனர்ல தப்பா என் மூஞ்சியப் போட்டுட்டாங்க."

செல்லத்தாயி தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். பாண்டி மஞ்சள் பையை மடித்து அக்குளில் வைத்தார். "நாஞ்சொன்னேன்ல தாயி. தலையத் தொறந்தவன் எவன் எந்திரிச்சு நடந்தான்? வா, போவோம்."

"அவன் நடக்கறானுங்க" என்றேன். எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ. "தெப்பக்குளத்துக்கு வாங்க. நான் ஓடி முடிக்கறப்ப அவன் அங்க வருவான். நீங்களே பாருங்க."

சொல்லிவிட்டு ஓரமாகப் போய் ஜாபரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"முப்பத்திரெண்டு வந்துட்டியா?" அவன் குரலில் இருந்தது மகிழ்ச்சி இல்லை, பயம். பிறகு இன்னும் மெதுவாக, "மாப்ள, என்னால ஒரு ஆளு முன்னாடி நின்னு பேச முடியாது. நான் பேசுனா அவரு இருக்குற தைரியத்தையும் விட்டுருவாரு. என்னைய விட்டுரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

முத்துராசு ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "ஓடுங்கண்ணே" என்றார். "பத்து கிலோமீட்டர்தான."

*

அந்தப் பத்து கிலோமீட்டரை நான் ஓடினேன் என்று சொன்னால் முத்துராசு சாட்சி சொல்ல மாட்டார். ஆற்றங்கரை ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி, இரண்டு எருமைகள், சைக்கிளில் பலூன் விற்பவர் எல்லோரும் என்னை முந்தினார்கள். ஒரு கம்பம் ஓடுவேன், இரண்டு கம்பம் நடப்பேன். கையை அசைத்து நானே என்னை அதட்டிக்கொண்டேன். விற்றுப்போன மோட்டார் திரும்பி வந்தால் மெக்கானிக்கை எப்படித் திட்டுவேனோ அதே வார்த்தைகள். நடுவில் டி.வி.எஸ். வண்டி என்னைத் தாண்டிப் போனது. பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. செல்லத்தாயி மட்டும் பின்னாலிருந்து ஒரு தடவை கையைத் தூக்கினார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தெப்பக்குளம் தெரிந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏணியில் ஏறி வளைவின் ஒரு காலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரை முத்துராசு சைரன் போட்டு நிறுத்தினார். ஆம்புலன்ஸ் சைரன் முழங்க, ஏழெட்டுத் துண்டுகள் பறக்க, சந்தன நெற்றியோடு நான் கோட்டைத் தாண்டி விழுந்தேன். டாக்டர் ஓடி வந்து நாடி பிடித்தார். மன்சூர் உணர்ச்சிவசப்பட்டு, படுத்திருந்த என் மேல் ஒரு சரிகைப் பொன்னாடையைக் கழுத்து வரை போர்த்திவிட்டான். படுத்திருக்கிறவன் மேல் போர்த்தினால் அது வேறு மரியாதை. பக்கத்தில் ஒரு அம்மா வாயில் கைவைத்துக்கொண்டார். நான் அவசரமாகக் காலை ஆட்டிக் காட்டினேன்.

ஜாபர் இல்லை.

தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடினேன். படிக்கட்டில் பாண்டியும் செல்லத்தாயியும். "எங்க தம்பி ஒங்க சிநேகிதரு?" என்றார் பாண்டி. கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார்.

அப்படி மல்லாந்து கிடந்ததால்தான் அது என் கண்ணில் பட்டது. மன்சூரின் இருபதடி பேனருக்கும் தரைக்கும் நடுவே முக்கால் அடி இடைவெளி. பாய்கிற சிறுத்தைக்கு நேர் கீழே இரண்டு கால்கள். பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு. தூசி துடைத்திருந்தது.

"ஜாபரு" என்று கத்தினேன். குரல் வரவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பேனரைப் பார்த்தார்கள். என் முகம் ஒருமுறை அசைந்தது. அதற்குப் பின்னாலிருந்து கம்பளிக் குல்லா போட்ட ஒரு ஆள் மெதுவாக வெளியே வந்தான். ஒரு மணி நேரமாக அங்கேதான் நின்றிருக்கிறான்.

என்னிடம் வரவில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து, படிக்கட்டுக்கு நேரே நடந்து, பாண்டியின் முன்னால் போய் நின்றான்.

"அண்ணே" என்றான். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "நான்தாண்ணே ஆபரேஷன் பண்ணுனவன்."

பாண்டி அவனைப் பார்த்தார். ஜாபர் குல்லாவைக் கழற்றினான். வலது காதுக்கு மேலே தொடங்கி உச்சி வரை, லாடம் மாதிரி வளைந்த தழும்பு. பக்கத்தில் நின்ற மன்சூர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. மைத்துனனாக இருந்தும் அவன் பார்த்ததில்லை.

"தொடட்டுமா?" என்றார் பாண்டி. ஜாபர் குனிந்தான். அவர் ஒரு விரலால் அந்தக் கோட்டின் வழியே, வரப்பில் நடக்கிற மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனார்.

"வலிச்சுச்சா?"

"மொத வாரம். இப்ப அரிக்கத்தான் செய்யுது."

"பேச்சு?"

"இம்புட்டுத்தாண்ணே கொழறுது. நான் பேசுறது… ஒங்களுக்குப் புரியுதுல்ல?"

"எல்லாம் புரியுது" என்றார் பாண்டி. மஞ்சள் பையைத் திறந்து, ஸ்கேன் படத்தை வெளியே எடுத்து, வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார். "இதுல எங்கிட்டு இருக்குன்னு பாருங்க பாய்." இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். செல்லத்தாயி அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. கட்டி இருந்தவன் நின்றுகொண்டிருந்தான், இல்லாதவன் படுத்துக்கிடந்தேன். கழுத்தில் போட வேண்டிய பதக்கத்தை முத்துராசு என் வயிற்றின் மேல் வைத்துவிட்டு, "நல்லா ஓடுனோம்ணே" என்றார்.

*

திங்கட்கிழமை காலை ஜாபர் வீட்டு மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். முன்பக்கமாக இறங்கும் வசதியை என் தொடைகள் ரத்து செய்திருந்தன. டீலர்கள் எல்லோரும் நாற்பத்திரண்டுக்கும் சேர்த்து அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டதாகச் செய்தி போட்டிருந்தார்கள். உடுமலைக்காரர் போனைத் திறந்து, அடுத்த வருடமும் நான் ஓடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லும்படி கேட்டிருந்தார். ஜாக்கிரதையான மனிதர்.

ஆரப்பாளையத்துக்கு வழியனுப்ப ஜாபரே வந்தான், மன்சூரின் பைக்கில். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தான். கம்பளிக் குல்லா இல்லை. வெள்ளைத் தொழுகைத் தொப்பி. தழும்பின் கீழ்முனை அதற்கு வெளியே தெரிந்தது. கிளம்பும் அவசரத்தில் இருந்தான். பத்து மணிக்குப் பாண்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். "நான் கூட வந்தாத்தான் உள்ள வருவேங்குறாரு மாப்ள" என்று சலித்துக்கொண்டான். சலிப்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பஸ் படியில் என் கால் ஏறவில்லை. ஜாபர் பின்னாலிருந்து தள்ளினான். மன்சூர் முன்னால் ஏறி இழுத்தான். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் இரக்கத்தோடு கேட்டார், "பாவம், என்னாச்சு பாய் இவருக்கு?"

ஜாபர் நிமிர்ந்தான். அத்தனை பேர் முன்னிலையில், தன் நெற்றிப்பொட்டை ஒரு விரலால் தட்டிக் காட்டி, நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் சொன்னான்: "மூளையில கோளாறுண்ணே. பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வாயின் இடது ஓரம் கூடவே வரவில்லை. அவன் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

கண்டக்டர் என்னை முன் இருக்கையில் உட்கார வைத்தார். ஒட்டன்சத்திரத்தில் தானே இறங்கிப் போய் டீ வாங்கி வந்து, சூடு ஆற்றிக் கையில் கொடுத்தார். நான் எதையும் மறுக்கவில்லை.